ராணி கையில் இருந்தும் அரைப் புள்ளி ஏன்? சிறுவர் சதுரங்கப் போட்டியின் விதிகளும் கணக்கும்

பலகையில் வெள்ளைக்கு ராஜாவும் ராணியும் இருக்கின்றன. கறுப்புக்கு ராஜா மட்டும். ஆனால் அரங்கத்துக்கு வெளியே ஒட்டப்படும் முடிவுத் தாளில் ஆளுக்கு அரைப் புள்ளி. போட்டி முடிந்தபோது இருவருக்கும் 7 சுற்றில் 5.5 புள்ளி. இருந்தும் தரவரிசையில் ஒரு பெயர் மேலே, இன்னொரு பெயர் கீழே. அடுத்த மாதம் வரும் பட்டியலில் ஒருவருக்கு ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், ஏறியிருக்கிறது, மற்றவருக்கு இறங்கியிருக்கிறது. பள்ளி வளாகத்து மரத்தடியில் காலையிலிருந்து காத்திருக்கும் பெற்றோருக்கு இவை மூன்றுமே அநியாயமாகத் தெரிகின்றன. ஆனால் மூன்றுக்கும் எழுதிவைத்த விதி உண்டு.

இப்போது இதை விளக்கக் காரணம் இருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பழைய வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. வேலூரில் ஒரு திறந்த போட்டி என்றால் அரக்கோணம், ஆம்பூர், ஆரணி, பேரணாம்பட்டு என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் காட்பாடியில் ரயிலிலோ புதிய பேருந்து நிலையத்தில் பஸ்ஸிலோ வந்து இறங்குகிறார்கள். இவர்களில் பலர் கைபேசியில் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடியவர்கள். மரப்பலகையில், கடிகாரம் வைத்து, எழுதிக்கொண்டு ஆடிய ஆட்டங்கள் சில பத்துதான் இருக்கும்.

சிக்கல் தொடங்குவது அங்கேதான். கைபேசி தவறான நகர்வை ஏற்காது, பலகை ஏற்கும். கைபேசி சிப்பாயைத் தானே ராணியாக்கிக் கொடுக்கும். பலகையில் அந்த ராணியைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். யாருடைய முறை, எது முடிவு என்று கைபேசி சொல்லும். பலகையில் ஆடுபவரே கேட்டுப் பெற வேண்டும். காய் நகர்த்தும் அறிவு நிறைய இருந்தும் இந்த நடைமுறை தெரியாததால் போகும் புள்ளிகள்தான் சிறுவர் போட்டிகளில் அதிகம் வலிக்கின்றன.

## முதலில் மூன்று அடிப்படைகள்

விதி யாருடையது? ஃபிடே எனப்படும் சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு வெளியிடும் ஆட்ட விதிகளே உலகெங்கும் பொருந்தும். இங்கே சொல்லப்படுவது 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பதிப்பு. அரங்கில் அதை நடைமுறைப்படுத்துபவர் ஆர்பிட்டர்.

எந்த வகை ஆட்டம்? அடிப்படை நிமிடத்தோடு, ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் விநாடியை 60 நகர்வுக்குக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். 60 நிமிடம் + 30 விநாடி என்றால் மொத்தம் 90 நிமிடம். இது கிளாசிக்கல். 15 நிமிடம் + 10 விநாடி என்றால் 25 நிமிடம், ரேபிட். 3 நிமிடம் + 2 விநாடி என்றால் 5 நிமிடம், பிளிட்ஸ். மொத்தம் 60 நிமிடம் அல்லது அதற்கு மேல் வந்தால் கிளாசிக்கல், 10 நிமிடத்துக்கு மேல் 60-க்குக் கீழ் ரேபிட், 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ். இந்த வகைப் பிரிவு முக்கியம். ஒரே தவறுக்கு கிளாசிக்கலில் ஒரு விளைவு, ஒரே நாளில் 7 சுற்றும் முடிக்கும் ரேபிட் போட்டியில் வேறு விளைவு.

வயது எப்படிக் கணக்கிடப்படுகிறது? அந்த ஆண்டின் ஜனவரி 1-ஐ வைத்து. 2025-இல் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவு என்றால் 2012 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள். நம் நாட்டுப் போட்டிகளில் பிரிவுகள் 7, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் போகும். உலகப் போட்டிகளில் 8, 10, 12, 14 என்று இரட்டைப்படை. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பித்தால் பிரிவே மாறிப்போகும்.

## ஒரு ஆட்டத்தைப் பின்தொடர்வோம்

இது விளக்கத்துக்காகக் கட்டிய ஆட்டம். இதில் வரும் ஒவ்வொரு தவறும் சிறுவர் போட்டிகளில் வழக்கமாக நடப்பதுதான். 13 வயதுப் பிரிவு, கிளாசிக்கல், 60 நிமிடம் + 30 விநாடி. ஏழாவது சுற்று, அதாவது கடைசிச் சுற்று. வெள்ளையில் குடியாத்தம் சிறுமி, ரேட்டிங் 1700. கறுப்பில் ஆற்காட்டுச் சிறுவன், ரேட்டிங் 1500. இருவருக்கும் இதுவரை 6-க்கு 5.

### 1. ஒன்பதாவது நகர்வு: முதலில் தொட்டது யானையை

சிறுமி கேஸ்லிங் என்று எல்லோரும் சொல்லும் கோட்டை கட்டுதலை, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவதை, செய்ய நினைக்கிறாள். எச்1-இல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; இது அவளுடைய வலது மூலை) இருக்கும் யானையை முதலில் தொட்டுவிட்டு, பிறகு ராஜாவை எடுக்கிறாள். சிறுவன் கை தூக்கி ஆர்பிட்டரை அழைக்கிறான்.

கோட்டை கட்டுதல் ராஜாவின் நகர்வு என்பது விதி. ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்வில் கோட்டை கட்ட முடியாது. தொட்ட காய்தான் நகர வேண்டும். ஆக யானை ஜி1-க்கோ எஃப்1-க்கோ போகிறது. யானை ஒருமுறை நகர்ந்துவிட்டதால் அந்த யானையோடு கோட்டை கட்டும் உரிமை ஆட்டம் முழுக்கப் போய்விட்டது. அவள் ராஜா பத்துப் பன்னிரண்டு நகர்வுக்கு நடுவிலேயே மாட்டிக்கொள்ளும்.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. ராஜாவை ஒரு கையாலும் யானையை மறு கையாலும் ஒரே நேரத்தில் தூக்கி வைத்து, கடிகாரத்தையும் அழுத்திவிட்டால் அது விதிமீறிய நகர்வாகவே எண்ணப்படும். ஒரு நகர்வுக்கு ஒரு கைதான். காயை வெட்டும்போதும், சிப்பாயை மாற்றும்போதும் அப்படியே. எந்தக் கையால் காயை நகர்த்தினாரோ அந்தக் கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும்.

காய் கட்டத்துக்குள் கோணலாக நின்றால் சரிசெய்யலாம். ஆனால் தன் முறையில் மட்டும், அதுவும் தொடுவதற்கு முன்பே 'அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிட்டு. தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

எதிராளி காயைத் தொட்டார் என்ற புகாரை உடனே சொல்ல வேண்டும். புகார் சொல்ல வேண்டியவர் தன் காயை நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். அரங்கில் நாற்பது ஐம்பது போர்டு இருக்கும்போது எல்லாவற்றையும் ஆர்பிட்டர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சாட்சி இல்லாமல், எதிராளி மறுத்தால், புகார் நிற்பது கடினம். அதனால்தான் கையைத் தூக்கும் வேகம் முக்கியம்.

### 2. இருபத்து நான்காவது நகர்வு: செக்கைப் பார்க்காத சிறுவன்

சிறுமியின் மந்திரி தூரத்து மூலையிலிருந்து செக் வைத்திருக்கிறது, அதாவது ராஜாவைத் தாக்குகிறது. சிறுவன் அதைக் கவனிக்காமல் குதிரையை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்துகிறான். அழுத்திய கணத்தில்தான் விதிமீறிய நகர்வு முழுமையாகிறது. அழுத்துவதற்கு முன் தானே கண்டுபிடித்திருந்தால் அபராதம் இல்லை. தொட்ட குதிரையால் செக்கைத் தீர்க்க முடிந்தால் மட்டும் அதையே நகர்த்த வேண்டியிருந்திருக்கும்.

சிறுமி இப்போது செய்ய வேண்டியது:

1. எந்தக் காயையும் தொடாமல் இரண்டு கடிகாரத்தையும் நிறுத்துவது. நடுவில் உள்ள நிறுத்தும் பொத்தான் எது என்று முதல் சுற்றுக்கு முன்பே பார்த்துவைத்திருக்க வேண்டும்.
2. கை தூக்கி ஆர்பிட்டரை அழைப்பது.
3. எதிராளியோடு வாதம் செய்யாமல் 'இல்லீகல் மூவ்' என்று ஆர்பிட்டரிடம் மட்டும் சொல்வது.

நிலை பழையபடி வைக்கப்படும். சிறுமியின் கடிகாரத்தில் 2 நிமிடம் கூட்டப்படும். குதிரை செக்கை மறிக்கவோ செக் வைத்த மந்திரியை வெட்டவோ முடிந்தால் சிறுவன் அதைத்தான் ஆட வேண்டும். முடியாவிட்டால் வேறு ஏதாவது சரியான நகர்வு. அதே ஆட்டத்தில் இரண்டாவது முறை இப்படிச் செய்தால் ஆட்டம் தோல்வி. சிறுமியிடம் எந்த வழியிலும் மேட் (ராஜா தப்ப முடியாத செக்) வைக்க முடியாத அளவுக்குக் காய் குறைந்திருந்தால் மட்டும் டிரா, அதாவது ஆளுக்கு அரைப் புள்ளி.

தெருத் திண்ணையில் ஆடிப் பழகிய பிள்ளைகள் இங்கே ஒரு பெரிய தவறு செய்வார்கள். 'செக்கைப் பார்க்கவில்லை, ராஜாவை வெட்டிவிட்டேன்' என்று ராஜாவையே எடுத்துவிடுவார்கள். ராஜாவை வெட்டுவது சதுரங்கத்தில் கிடையாது. அப்படிச் செய்தால் வெட்டியவரும் விதிமீறியவராகிவிடுவார்.

ரேபிட் போட்டியில் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு ஆர்பிட்டர் மூன்று போர்டுக்கு மேல் பார்த்துக்கொள்ளும் போட்டிகளில், எதிராளியின் தவறான நகர்வுக்கு நாம் பதில் நகர்வு செய்துவிட்டால் அந்தத் தவறு அப்படியே நிலைத்துவிடும். இருவரும் தாங்களே ஒத்துக்கொண்டாலொழிய மாற்ற முடியாது. கிளாசிக்கலில் அப்படியல்ல. பத்து நகர்வு கழித்துத் தெரிந்தாலும், தவறு நடந்த இடத்துக்கே திரும்பிப் போய் ஆட வேண்டும். திரும்பிப் போக வழிகாட்டுவது நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட். அதில் நகர்வு விட்டுப்போயிருந்தாலோ, யாருக்கும் படிக்க முடியாத எழுத்தாக இருந்தாலோ நிலையை மீட்பது சிக்கலாகிவிடும்.

### 3. நாற்பத்தோராவது நகர்வு: 'மூணு தடவை வந்துடுச்சு'

சிறுவன் பின்தங்கியிருக்கிறான். ராணியால் மாற்றி மாற்றிச் செக் வைக்கிறான். மூன்றாவது முறை அதே நிலை வரும் நகர்வை ஆடி, கடிகாரத்தை அழுத்திவிட்டு, 'டிரா, மூணு தடவை' என்கிறான். ஆர்பிட்டர் ஏற்கவில்லை. ஏன்?

கோரிக்கைக்கு ஒழுங்கு உண்டு. மூன்றாவது முறை நிலையை உருவாக்கப்போவது தன் நகர்வு என்றால், அதைப் பலகையில் ஆடக் கூடாது. முதலில் அந்த நகர்வைத் தாளில் எழுத வேண்டும், பிறகு கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். எதிராளியின் நகர்வால் மூன்றாவது முறை வந்திருந்தால், தன் முறையில் எந்தக் காயையும் தொடாமல் கோர வேண்டும். ஆடிவிட்டுக் கோருவது, தொட்டுவிட்டுக் கோருவது இரண்டும் அந்த முறைக்குச் செல்லாது.

'மூன்று முறை' என்பதிலும் தவறான புரிதல் இருக்கிறது. மூன்று செக் தொடர்ந்து வைப்பது அல்ல அது. பலகை முழுக்க அதே நிலை, அதே ஆளின் முறை, கோட்டை கட்டும் உரிமையிலும் போகிறபோக்கில் சிப்பாயை வெட்டும் உரிமையிலும் மாற்றமில்லாமல் மூன்று முறை வர வேண்டும். அடுத்தடுத்து வர வேண்டிய அவசியம் இல்லை. 20, 26, 41ஆம் நகர்வுகளில் வந்தாலும் சரி. கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும். கோராமலே டிரா ஆவது ஐந்து முறை வந்தால்தான். அதேபோல, 50 நகர்வு சிப்பாய் நகராமலும் காய் வெட்டாமலும் போனால் கோரலாம். 75 நகர்வு ஆனால் தானாகவே டிரா.

### 4. ஐம்பத்தெட்டாவது நகர்வு: தலைகீழ் யானை ராணி அல்ல

சிறுமியின் சிப்பாய் எட்டாவது வரிசையை அடைகிறது. வெட்டப்பட்ட வெள்ளை ராணி சிறுவனின் பக்கம், அவன் விரலிடுக்கில் உருண்டுகொண்டிருக்கிறது. பதற்றத்தில் அருகிலிருந்த வெள்ளை யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து 'ராணி' என்று சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய. போட்டியில் அது யானைதான். வாயால் சொன்னது கணக்கில் வராது. கட்டத்தில் வைத்த காய்தான் கணக்கு.

இது குழந்தைகளுக்கு மட்டும் நடப்பதல்ல. 2017-இல் கனடா நாட்டுச் சாம்பியன் பட்டத்தைத் தீர்மானித்த பிளிட்ஸ் ஆட்டத்தில் நிகோலாய் நோரிட்சின் யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்றார். அவருக்கு வேண்டிய ராணி எதிராளி பாட்டர் சாம்புயேவின் கையில் இருந்தது. அது யானையே என்று ஆர்பிட்டர் தீர்ப்பளித்தார். ஆட்டமும் பட்டமும் சாம்புயேவுக்குப் போயின.

சரியான வழி எளிது. ராணி கைக்கு எட்டவில்லை என்றால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் ராணி கேட்கலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. சிப்பாயை எட்டாவது வரிசையில் அப்படியே விட்டுவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறல். சிப்பாய் ராணியாக மாற்றப்படும், எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். நம் ஆட்டத்தில் சிறுமி கடிகாரத்தை நிறுத்தினாள், ராணியைப் பெற்றாள். எல்லாம் சரியாகத்தான் போனது.

### 5. அறுபத்து மூன்றாவது நகர்வு: ஸ்டேல்மேட்

வெள்ளை ராஜா இ5-இல், ராணி இ6-இல். கறுப்பு ராஜா எச்8 மூலையில். சிறுமியின் முறை. கடிகாரத்தில் 40 விநாடி. ராஜாவை இறுக்கிப் பிடிக்கலாம் என்று ராணியை ஜி6-இல் வைக்கிறாள்.

கறுப்பு ராஜாவுக்கு உள்ள மூன்று கட்டங்களைப் பாருங்கள். ஜி8 நேர்வரிசையில் அடிபடுகிறது. ஜி7-உம் அப்படியே. எச்7 மூலைவிட்டத்தில் அடிபடுகிறது. ராஜா இருக்கும் எச்8-இல் மட்டும் செக் இல்லை. செக் இல்லாமலும், ஆட எந்த நகர்வும் இல்லாமலும் போனால் அது ஸ்டேல்மேட். ஆட்டம் அந்தக் கணமே டிரா. கடிகாரத்தை அழுத்தினாளா இல்லையா என்பதெல்லாம் பொருட்டில்லை. ராணியை எஃப்7-இல் வைத்திருந்தாலும் இதே கதிதான்.

வைத்திருக்க வேண்டிய கட்டம் இ7. அங்கிருந்து ராணி ஏழாவது வரிசையை மூடிவிடும், ஆனால் ஜி8 திறந்திருக்கும். கறுப்பு ராஜா ஜி8-க்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. வெள்ளை ராஜா எஃப்6-க்கு வரும். கறுப்பு ராஜா மீண்டும் எச்8-க்குத்தான் திரும்ப முடியும். ராணி ஜி7-இல், எஃப்6 ராஜாவின் துணையோடு மேட். மூன்றே நகர்வு. 40 விநாடியோடு நகர்வுக்கு 30 விநாடி கூடிக்கொண்டே இருக்கும்போது நேரம் தாராளமாகவே இருந்தது. 'மூலையில் ராஜா, குதிரைத் தாவல் தூரத்தில் ராணி' என்ற ஆபத்தான உருவம் மட்டும் மனதில் இல்லை.

## நேரம் தீர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதே நிலையில் சிறுமியின் நேரம் தீர்ந்திருந்தாலும் டிராதான். ஒற்றை ராஜாவால் யாருக்கும் மேட் வைக்க முடியாது. நேரம் தீர்ந்தவர் தோற்பது பொதுவிதி. எந்த வகையான நகர்வு வரிசையிலும் எதிராளியால் மேட் வைக்க முடியாது என்ற நிலையில் மட்டும் அது டிரா ஆகும்.

'எந்த வகையிலும்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சிறுவனிடம் ஒரே ஒரு சிப்பாய் மிச்சமிருந்திருந்தால், ராணி வைத்திருந்த சிறுமி நேரத்தில் தோற்றிருப்பாள். அந்தச் சிப்பாய் ராணியாகலாம் என்பதே போதும். இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. எதிராளியிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும், நம்மிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். நம் நேரம் தீர்ந்தால் தோல்வி. ஒற்றைக் குதிரையால் மேட் வராதே என்று தோன்றும். ஆனால் நம் சிப்பாயே நம் ராஜாவின் வழியை அடைத்து நிற்க, குதிரை மேட் வைக்கும் நிலை ஒன்றை அமைக்க முடியும். அமைக்க முடியும் என்பதே விதிக்குப் போதுமானது. சில இணைய ஆட்டத் தளங்களில் இதே நிலை டிரா. அங்கே பழகிய பிள்ளை அரங்கில் அதிர்ந்துபோவது இதனால்தான்.

## அரைப் புள்ளியின் விலை

### யாரோடு யார்: ஸ்விஸ் முறை

சிறுவர் போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கும். தோற்றவர் வெளியேறுவதில்லை, எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடுவார்கள். 120 பேர் என்றால் முதல் சுற்றில் தரவரிசையில் 1ஆம் எண்ணுக்கு 61, 2-க்கு 62 என்று மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மோதும். பிறகு ஒரே புள்ளி உள்ளவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். ஒருவரோடு இரண்டாவது முறை ஆட்டம் வராது. ஒற்றைப்படையில் ஆள் இருந்தால் ஒருவருக்கு பை கிடைக்கும், அவர் ஆடாமலே ஒரு புள்ளி. பேரிங் எனப்படும் இந்த ஜோடி சேர்ப்பை மென்பொருள் போடுகிறது. ஆர்பிட்டர் விருப்பப்படி யாரையும் மாற்றிப்போடுவதில்லை.

### சம புள்ளி, வேறு இடம்: புக்ஹோல்ஸ்

நம் சிறுமியும் சிறுவனும் 5.5-இல் முடித்தார்கள். சமநிலையை உடைக்கப் பல போட்டிகளில் பயன்படும் கணக்கு புக்ஹோல்ஸ், அதாவது நாம் மோதிய எதிராளிகள் கடைசியில் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. மிகக் குறைந்த ஒன்றைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது 'கட் 1'.

சிறுமி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, அடுத்த ஐந்தையும் வென்று மேலே வந்தவள். அவளுடைய எதிராளிகளின் புள்ளிகள் 4, 2.5, 3, 4, 4.5, 4.5, 5.5. மொத்தம் 28. குறைந்த 2.5-ஐக் கழித்தால் 25.5.

சிறுவன் முதல் ஐந்தையும் வென்று, ஆறாவதில் முதலிடத்தில் இருந்தவனிடம் தோற்றவன். அவனுடைய எதிராளிகள் 3, 4, 4.5, 4.5, 5, 6.5, 5.5. மொத்தம் 33. குறைந்த 3-ஐக் கழித்தால் 30.

சிறுவன் மேலே. முதல் சுற்றில் தோற்றவர் அடுத்த சில சுற்றுகளில் புள்ளி குறைந்தவர்களோடு மோதித்தான் ஏறி வர வேண்டும். அவர்களின் புள்ளி கடைசிவரை குறைவாகவே இருக்கும். ஒரே ஒரு தோல்விதான், ஆனால் முதல் சுற்றில் வந்தால் ஒரு விலை, ஆறாவதில் வந்தால் வேறு விலை. காலையில் அவசரமாக பஸ்ஸில் வந்து இறங்கி, மூச்சு வாங்காமல் ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு இது நிஜமான இழப்பு.

எந்தச் சமன் உடைப்பு முதலில், எது அடுத்து என்பது போட்டி அறிவிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். நேரடி மோதல் முதலில் வரலாம், வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை வரலாம். பணம் கட்டும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுவது நல்லது.

### ரேட்டிங்: எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள தூரம்

ரேட்டிங் ஏறுவதும் இறங்குவதும் வெற்றி தோல்வியை மட்டும் வைத்து அல்ல. ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. சமம் என்றால் 0.50. 100 வித்தியாசத்தில் மேலிருப்பவருக்கு 0.64. 200 என்றால் 0.76. 400 என்றால் 0.92. கிடைத்த புள்ளியிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து, கே என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை, 2300-க்குக் கீழ் இருக்கும்வரை, கே 40.

சிறுமி 1700, சிறுவன் 1500. வித்தியாசம் 200. கிளாசிக்கல் ஃபிடே ரேட்டிங் போட்டி என்றால்:

- சிறுமி வென்றிருந்தால் 40 × (1 − 0.76) = 9.6 கூடியிருக்கும்.
- டிரா ஆனதால் 40 × (0.5 − 0.76) = 10.4 குறைகிறது.
- தோற்றிருந்தால் 30.4 குறைந்திருக்கும்.

சிறுவனுக்கு இதே எண்கள் எதிர்த்திசையில். அந்த ஜி6 நகர்வு சிறுமிக்கு அரைப் புள்ளியோடு 20 ரேட்டிங் புள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

ரேட்டிங் உள்ளவர் ரேட்டிங் இல்லாதவரோடு ஆடிய ஆட்டம் அவருடைய ரேட்டிங்கைத் தொடாது, வென்றாலும் தோற்றாலும். சிறுமியை முதல் சுற்றில் தோற்கடித்தவர் ரேட்டிங் இல்லாதவராக இருந்தால் அந்தத் தோல்வி புள்ளியில் மட்டும்தான் வலிக்கும்.

புதிதாக ரேட்டிங் பெற, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் இல்லாவிட்டாலும் 26 மாதத்துக்குள் சேர்க்கலாம். முதல் போட்டியில் ரேட்டிங் உள்ளவர்களிடம் அரைப் புள்ளிகூட எடுக்கவில்லை என்றால் அது கணக்கில் வராது. 2024 மார்ச் 1 முதல் இந்தக் கணக்கில் 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகச் சேர்க்கப்படுகிறது. மிகக் குறைந்த ரேட்டிங்கும் அன்று முதல் 1400. அதே நாளில் 2000-க்குக் கீழ் இருந்த எல்லோருக்கும் 2000 வரை உள்ள இடைவெளியில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700 ஆனார். அக்காவின் பழைய 1500-ஐயும் தம்பியின் இன்றைய 1500-ஐயும் நேரடியாக ஒப்பிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

## ஆட்சேபத்துக்கு உரிய நேரம்

பார்வையாளர் ஆட்டத்தில் தலையிடக் கூடாது. ஏதாவது தவறு கண்ணில் பட்டால் ஆர்பிட்டரிடம் மட்டும் சொல்லலாம். பிள்ளையைப் பார்த்துச் சைகை காட்டுவது பிள்ளைக்கே எதிராக முடியும். கைபேசி, ஸ்மார்ட் வாட்ச் எதுவும் பிள்ளையிடம் இருக்கக் கூடாது. கண்டுபிடித்தால் ஆட்டம் தோல்வி.

ஆர்பிட்டரின் தீர்ப்பு தவறு என்று பிள்ளைக்குத் தோன்றினால், ஆடி முடிப்பதற்கு முன்பே தலைமை ஆர்பிட்டரைக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அதிகம் பேர் ஏமாறுவது ஆட்டம் முடிந்த பிறகுதான். எதிராளி கை நீட்டுகிறான். டிரா கேட்கிறான் என்று நினைத்துக் கை குலுக்கிவிட்டு, பிறகு 'நீ ரிசைன் பண்ணினாய்', அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டாய், என்று கேட்டு அழுவது உண்டு. கை கொடுக்கும் முன் முடிவை வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் முடிவை எழுதி, படித்துப் பார்த்து, பிறகு கையெழுத்திட வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட முடிவு தவறாக இருந்தாலும், ஆர்பிட்டர் மாற்றினாலொழிய, அதுவே நிற்கும். முடிவுத் தாள் ஒட்டிய உடனே பெயருக்கு நேரே உள்ள புள்ளியைச் சரிபாருங்கள். அடுத்த சுற்றின் பேரிங் வந்த பிறகு சொன்னால் பல போட்டிகளில் மாற்ற மாட்டார்கள்.

## வீட்டில் பலகையில் செய்ய வேண்டிய பயிற்சி

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பலகை, ஒரு கடிகாரம், கோடு போட்ட நோட்டு போதும்.

1. இரண்டு பக்கமும் கோட்டை கட்டுதலை, முதலில் ராஜா, பிறகு யானை, ஒரே கை, அதே கையால் கடிகாரம் என்று இருபது முறை. கை தானாகப் பழகிவிடும்.
2. ஒரு முழு ஆட்டத்தையும் எழுதிக்கொண்டு ஆடுவது. நகர்வை ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும். டிரா கோரும்போது மட்டும் எழுதிவிட்டு ஆடாமல் இருக்க வேண்டும்.
3. ஆடத் தொடங்கும் முன் பலகைக்குப் பக்கத்தில் கூடுதல் ராணி இருக்கிறதா என்று பார்ப்பது.
4. ராஜாவும் ராணியும் எதிரே ஒற்றை ராஜா. பலகையில் எந்த இடத்தில் காய்களை வைத்துத் தொடங்கினாலும், சரியாக ஆடினால் அதிகபட்சம் 10 நகர்வில் மேட் முடியும். கடிகாரத்தில் 1 நிமிடம் மட்டும் வைத்து, கூடுதல் விநாடி இல்லாமல், பத்து வெவ்வேறு நிலைகளிலிருந்து ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு முறை ராணியைத் தூக்கும் முன்னும், எதிராளி ராஜாவுக்குப் போக ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் விரல் போய்க் கண் மட்டும் பார்க்கத் தொடங்கும். இ7-ஐயும் ஜி6-ஐயும் பிரித்தறியும் பார்வை அப்போது வந்திருக்கும்.